முதல் கயாக்: கையில் உள்ள பணத்துக்கு எந்தப் படகு?

தூண்டில் போட ஒரு சிறு படகு வேண்டும். தனியாளாகத் தூக்கவும் தனியாளாக ஓட்டவும் முடிய வேண்டும். கையில் பணம் அதிகம் இல்லை. எதை வாங்குவது? அமெரிக்காவின் ஏரிக்கரைகளிலும் ஃப்ளோரிடா, டெக்சாஸ் உப்பங்கழிகளிலும் கயாக்கில் மீன்பிடிக்கப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். பதில் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. ஒருவர் நீளம் வேண்டும் என்பார், இன்னொருவர் அகலம் என்பார். பெடல் இல்லாமல் வாங்கவே கூடாது என்பவரும் உண்டு, உள்ளதிலேயே மலிவானதை வாங்கிவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பவரும் உண்டு.

இந்தப் பதில்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நீர்நிலையில், ஏதோ ஒரு தேவைக்காகப் பிறந்தவை. பிறந்த இடத்தில் பெரும்பாலும் சரியாக இருந்தவை. அவற்றை அந்த நீரிலிருந்து பிரித்து எல்லோருக்குமான விதியாக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது என்று தோன்றுகிறது. ஆகவே ஒவ்வொரு கட்சியும் என்ன சொல்கிறது என்பதோடு, அது எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

உடம்புக்கு அளந்த படகு

ஆர்க்டிக் கரையில் வாழும் இனூயிட் மக்கள் கயாக்கை விலைக்கு வாங்கவில்லை, தங்கள் உடம்பை அளந்து செய்துகொண்டார்கள். கிரீன்லாந்து முறை என்று வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கின்படி, கைகளை அகல விரித்தால் வரும் அளவைப்போல் மூன்று மடங்கு நீளம். இடுப்பின் அகலத்தோடு இரண்டு கைமுட்டி சேர்ந்தால் படகின் அகலம். சராசரி ஆளுக்கு இது ஐந்து மீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளமும் அரை மீட்டர் அகலமுமாக வரும். கரையொதுங்கிய மரத்தால் சட்டம், அதன்மேல் கடல்நாய்த் தோல். வேட்டைக்காரர் அதற்குள் அமர்ந்து, நீர் புகாத மேலுடையின் விளிம்பைப் படகின் வாயோடு இறுக்கிக் கட்டிக்கொள்வார். கவிழ்ந்தால் துடுப்பை வீசி அப்படியே நிமிர்ந்துகொள்வார்.

இன்று மீன்பிடிக்க விற்கப்படும் கயாக் 75 முதல் 90 சென்டிமீட்டர் வரை அகலமானது, நீளம் மூன்று மீட்டரிலிருந்து நான்கு மீட்டர்வரை. பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு படகுகள். பழைய கயாக்கின் வேகமும் அழகும் சிறு வயது முதலே ஓட்டிப் பழகிய உடம்பின் திறமையைச் சேர்த்துக் கட்டப்பட்டவை. அந்தத் திறமை இல்லாதவருக்கு அதே படகு நடுக்கத்தைத்தான் தரும். ஆனால் அந்த மரபு விட்டுச்சென்ற ஒரு கொள்கை இன்னும் செல்லும்: படகு ஆளுக்குப் பொருந்த வேண்டும். பட்ஜெட் பேசும் வழிகாட்டிகள் பல முதலில் தொலைப்பது இதைத்தான்.

பணமில்லாதவரின் கோணத்திலிருந்து இந்தக் கேள்வியை அச்சில் எழுப்பியவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ். பென்சில்வேனியாவின் வெல்ஸ்பரோ ஊரில் செருப்புத் தைத்தவர், ‘நெஸ்மக்’ என்ற புனைபெயரில் ‘ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம்’ இதழில் எழுதியவர். நியூயார்க் மாநிலத்தின் அடிரான்டாக் ஏரிகளுக்கு அன்று போன கனவான்கள், படகைச் சுமக்கவும் ஓட்டவும் வழிகாட்டிகளைக் கூலிக்கு அமர்த்தினார்கள். அதற்கு வசதியில்லாத, உடல் மெலிந்த சியர்ஸுக்குத் தானே தோளில் தூக்கி ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்கு நடக்கக்கூடிய படகு தேவைப்பட்டது. ஹென்றி ரஷ்டன் என்ற படகுத் தச்சர் அவருக்காக ஒன்றைவிட ஒன்று இலேசாகப் பல கனூக்களைச் செய்துகொடுத்தார். 1883ல் செய்த ‘சேரி கேம்ப்’ ஒன்பது அடி நீளம், பத்தரை பவுண்டு எடை, அதாவது ஐந்து கிலோவுக்கும் குறைவு. அதன் தரையில் உட்கார்ந்து, கயாக் துடுப்பைப்போல இருபுறமும் இலை உள்ள துடுப்பால் தள்ளிக்கொண்டு அவர் இருநூற்றைம்பது மைலுக்கு மேல் போனார்.

வேகம், அகலம் எதையும்விட எடைக்கு முதலிடம் என்பது சியர்ஸின் பதில். நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அதன் கூர்மை மழுங்கவில்லை. கடையில் எடை யாருக்கும் உறைப்பதில்லை. மூன்றாம் மாடி வீட்டிலிருந்து இறக்கி, காரின் கேரியரில் ஏற்றி, நிறுத்துமிடத்திலிருந்து தண்ணீர்வரை இழுத்து, களைத்துத் திரும்பும்போது மறுபடியும் ஏற்றும்போதுதான் உறைக்கும். பத்தடிக் கயாக் பொதுவாக 20 முதல் 27 கிலோ இருக்கும். பன்னிரண்டடி மீன்பிடிக் கயாக் முப்பதைத் தாண்டும். பெடல் பொருத்தியது 45 கிலோவுக்கும் மேலே போவது சாதாரணம். ஆனாலும் சியர்ஸின் பதிலை அப்படியே எடுத்துக்கொள்வதற்கில்லை. அவர் மிகச் சிறிய உடம்புக்காரர். அவர் போனது காடு சூழ்ந்த அமைதியான ஏரிகளில். எண்பது கிலோ ஆள் அந்தப் படகில் காற்றடிக்கும் கழிமுகத்துக்குள் இறங்குவது தற்கொலைக்கு ஒப்பாகும்.

உள்ளே உட்காருவதா, மேலே உட்காருவதா

வாங்குபவர் முதலில் சந்திக்கும் கிளைப்பாதை இது. குழிக்குள் கால்நீட்டி உட்காரும் வகை ஒன்று. மூடிய தளத்தின்மேல் உட்காரும் வகை மற்றொன்று.

இரண்டாவது வகையின் நவீன வடிவத்தை 1970களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் மாலிபு கடற்கரையில் டிம் நீமியர் உருவாக்கினார். அலைச்சறுக்குப் பலகைக்கும் கயாக்குக்கும் நடுவில் நிற்கும் உருவம் அது. பின்னாளில் அவர் தொடங்கிய ஓஷன் கயாக் நிறுவனத்தின் வழியாக உலகெங்கும் பரவியது. அச்சைச் சுழற்றிச் சூட்டில் பாலிஎத்திலீனை வார்க்கும் முறையும் அதே பத்தாண்டில் கயாக் தொழிலுக்குள் வந்ததால், அடிபட்டாலும் உடையாத மலிவான படகு சாத்தியமாயிற்று. தளத்திலிருந்து அடிப்பகுதிவரை குழாய்போல் துளைகள் விடப்பட்டிருக்கும். மேலே ஏறும் தண்ணீர் அவற்றின் வழியாகத் தானே வடிந்துவிடும்.

இந்தத் தத்துவம் தமிழ் வாசகருக்குப் புதிதாக இருக்க முடியாது. சோழமண்டலக் கரையின் கட்டுமரம் அப்படியே இயங்குவது. கட்டிய மரங்களின்மேல் அலை ஏறும், இடுக்குகளின் வழியே இறங்கும். தண்ணீர் இறைக்கும் வேலையே கிடையாது. கரைமோதும் அலையில் கவிழ்ந்தாலும் மறுபடி புரட்டிப்போட்டு ஏறிக்கொள்ளலாம், மூழ்காது. 1697ல் வெளியான வில்லியம் டாம்பியரின் பயண நூல் வழியாக அந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் போய், பிறகு இரட்டை உடற்படகுகளைக் குறிப்பதாகப் பொருள் மாறியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியக் கரையின் படகு வகைகளை விரிவாகப் பதிவுசெய்தார். பெருவில் வாஞ்சாக்கோ கரையின் மீனவர்களும் கோரைத் தண்டுகளைக் கட்டிய ‘சிறு குதிரை’மேல் ஏறித்தான் அலையைக் கடக்கிறார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்பதல்ல இதன் பொருள். அலை மோதும் திறந்த கரையில் குறைந்த முதலில் மீன்பிடிக்க வேண்டியிருந்த மக்கள், தண்ணீரைத் தடுப்பதைவிட வடியவிடுவதே மேல் என்ற முடிவுக்குத் தனித்தனியே வந்து சேர்ந்தார்கள் என்பதே பொருள். பட்ஜெட் கேள்விக்குக் கிடைத்த விடைகளில் ஆகப் பழையதும் ஆகத் திடமானதும் இதுதான் என்று சொல்லத் துணியலாம்.

ஆனால் ஒப்புமையை ஓர் எல்லைக்கு மேல் நீட்டக் கூடாது. கட்டுமரம் உள்ளும் புறமும் மரம். பிளாஸ்டிக் கயாக் உள்ளே வெற்றிடம். வடிகால் துளையின் விளிம்பிலோ மூடியின் ஓரத்திலோ மயிரிழை விரிசல் விட்டால், கண்ணுக்குத் தெரியாமல் உடலுக்குள் தண்ணீர் சேரும். சேர்ந்த தண்ணீர் படகு சாயும் பக்கமே ஓடி அதை மேலும் சாய்க்கும். கட்டுமரத்தின் பாதுகாப்பு பொருளிலேயே இருக்கிறது. கயாக்கின் பாதுகாப்பு அதைப் பார்த்துக்கொள்வதில் இருக்கிறது. ஒவ்வொரு முறை கரையேறியதும் வடிகால் திருகைத் திறந்து எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று பார்ப்பது இதனால்தான் வலியுறுத்தப்படுகிறது.

உள்ளே உட்காரும் வகைக்காகப் பேசுபவர்களின் வாதத்திலும் பலம் உண்டு. அதே நீளத்தில் அது இலேசானது, பெரும்பாலும் மலிவானது. ஆள் தாழ்வாக உட்காருவதால் காற்று குறைவாகப் பிடிக்கும், குளிர்காலத்தில் கால் நனையாது. சில நூறு டாலருக்குப் பெருங்கடைகளில் குவித்து விற்கப்படும் பத்தடிக் கயாக்குகளில் பல இந்த வகைதான். சிக்கல் என்னவென்றால், அகன்ற வாயும் உட்தடுப்பில்லாத உடலும் கொண்ட இவற்றின் பெயர் மட்டுமே கிரீன்லாந்திலிருந்து வந்தது. வாயை மூடி இறுக்கும் ஏற்பாடு இல்லை, கவிழ்ந்து நிமிரும் வித்தையும் இல்லை. கவிழ்ந்தால் இருநூறு லிட்டர் தண்ணீர் புகக்கூடும், அது இருநூறு கிலோ. நடு ஏரியில் தனியாளாக அதை இறைத்துவிட்டு மறுபடி ஏறுவது பழகியவருக்கே கடினம். இடுப்பளவு ஆழமுள்ள குளத்தில் இது பெரிய குறையல்ல. கரையிலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளிப்போனால் உயிர்ப்பிரச்சினை.

அகலம் தரும் நம்பிக்கை, நீளம் தரும் நேர்கோடு

மேட்டூர் அணையிலும் ஒகேனக்கலிலும் ஓடும் பரிசலைப் பார்த்தவர்களுக்கு இந்த விவாதத்தின் ஒரு முனை உடனே புரியும். வட்டமான பரிசல் எளிதில் கவிழாது, கனத்த சுமை தாங்கும், சுழலிலும் மிதக்கும். நேராகப் போ என்றால் மட்டும் போகாது. துடுப்பு விழும்போதெல்லாம் சுற்றப்பார்க்கும். கிரீன்லாந்துக் கயாக் மறுமுனை. மீன்பிடிக் கயாக் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது. எங்கே நிற்க வேண்டும் என்பதில்தான் சண்டை.

அகலக் கட்சியின் பக்கம் கணக்கு இருக்கிறது. படகு சாயும்போது அதை நிமிர்த்தும் விசை, நீர்மட்ட அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. 71 சென்டிமீட்டர் அகலத்திலிருந்து 81க்குப் போனால் அகலம் ஏழில் ஒரு பங்குதான் கூடுகிறது. தொடக்க நிலைத்தன்மையோ ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. எழுந்து நின்று தூண்டில் வீச விரும்புகிறவர்கள் 85, 90 சென்டிமீட்டர் என்று கேட்பதற்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் அகலமாகக் கட்டிய படகில்தான் விற்பனையாளர்கள் உயரமான நாற்காலியையும் பொருத்துகிறார்கள். முப்பது கிலோப் படகில் எண்பது கிலோ ஆளைப் பதினைந்து சென்டிமீட்டர் உயர்த்தி உட்காரவைத்தால், ஆளும் படகும் சேர்ந்த எடைமையம் ஏறத்தாழ பதினொரு சென்டிமீட்டர் மேலே போகும். அகலம் கொடுத்ததில் ஒரு பங்கை நாற்காலி எடுத்துக்கொள்கிறது. அகலமான தட்டை அடி அமைதியான நீரில் மேசைபோல் நிற்கும். பக்கவாட்டில் அலை வந்தால் அதே அடி அலையின் சரிவோடு சேர்ந்து தானும் சாயும். முதல் தொடுகையில் ஆடுவதாகத் தோன்றும் குறுகிய வளைவடிப் படகு, ஓரளவு சாய்ந்த பிறகு உறுதியாகத் தாங்கும். புதியவர் கடைவாசலில் உட்கார்ந்து பார்த்து உணர்வது முதல் வகை நிலைத்தன்மையை. இரண்டாவது வகையைத் தண்ணீரில், அதுவும் சற்றுப் பழகிய பிறகுதான் உணர முடியும். இந்த இடைவெளியே பல தவறான முதல் கொள்முதல்களுக்குக் காரணமாக இருக்கலாம்.

நீளக் கட்சி வேகத்தைக் காட்டும். படகு தானே எழுப்பும் அலையால் வரும் தடை, நீர்மட்ட நீளத்தைப் பொறுத்தது. வழக்கமான சூத்திரத்தின்படி பத்தடிக்கு மணிக்கு 7.8 கிலோமீட்டர், பன்னிரண்டடிக்கு 8.6, பதினான்கடிக்கு 9.3 என்று எல்லை வருகிறது. கணக்கு சரி, ஆனால் அது காட்டும் இடம் வேறு. மீன்பிடிக்கப் போகிறவர் பெரும்பாலும் மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர் வேகத்தில்தான் போவார். அந்த வேகத்தில் அலைத்தடையைவிட உராய்வே பெரிது. உராய்வுக்கணக்கில் நனையும் பரப்பு குறைந்த குட்டைப் படகு தோற்பதில்லை. நீளத்தின் உண்மையான லாபம் நேர்கோடு. துடுப்பின் ஒவ்வொரு வீச்சிலும் மூக்கு இடமும் வலமும் திரும்பாது, எதிர்க்காற்றில் அலைகளின்மேல் குதிக்காமல் வெட்டிக்கொண்டு போகும். ஒரு நாளில் ஐந்தாறு கிலோமீட்டர் போய்வருகிறவருக்கு இது பெரிய விஷயம். இருநூறு மீட்டர் அகலக் குளத்தில் கோரைப் புதர்களுக்குள் நுழைந்து திரும்புகிறவருக்கு அந்த நீளமே இடைஞ்சல்.

பதினொன்று, பன்னிரண்டடி என்ற நடுவழியைப் பல வழிகாட்டிகள் பரிந்துரைப்பதை இந்தப் பின்னணியில் புரிந்துகொள்ளலாம். எதிலும் சிறந்ததல்ல, எதிலும் மோசமுமல்ல. எந்த நீரில் இறங்கப்போகிறோம் என்று இன்னும் தெரியாதவருக்கு அது நியாயமான அறிவுரை. தெரிந்தவருக்கு, தன் நீரைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே மேல்.

இதோடு ஒட்டிய ஒரு விஷயத்தில் ஏமாற்றம் அதிகம்: சுமைத்திறன். இருபதடிக்குக் குறைந்த விசைப்படகுகளுக்குச் சுமையளவுப் பலகை ஒட்ட வேண்டும் என்னும் அமெரிக்க மத்திய விதி, கயாக்குக்கும் கனூவுக்கும் பொருந்தாது. கயாக்கின்மேல் அச்சிட்டிருக்கும் எண் உற்பத்தியாளர் தன் முறையில் கணித்தது. ஒருவர் கணக்கும் மற்றவர் கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆகவே அச்சிட்ட எண்ணில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் நம்புவது பழகியவர்களிடையே வழக்கம். 136 கிலோ என்று எழுதியிருந்தால் தொண்ணூறு கிலோ. எண்பது கிலோ ஆள், துடுப்பு, தூண்டில்கள், தண்ணீர் பாட்டில், ஐஸ்பெட்டி என்று சேர்த்தால் அந்த எல்லை முடிந்துவிடும். மலிவான சிறு படகு கனத்த ஆளுக்கு மலிவாக அமையாது.

கையா, காலா

1997ல் ஹோபி நிறுவனம் கிரெக் கெட்டர்மன் வடிவமைத்த கால் இயக்கத்தை அறிமுகப்படுத்தியது. பென்குயினின் துடுப்புகளைப்போல் இரண்டு செதில்கள் படகுக்கு அடியில் எதிரெதிராக வீசும். அடுத்த பத்தாண்டில் சைக்கிள் பெடலால் சுழலும் புரொப்பெல்லர் வகையும் சந்தைக்கு வந்தது. அதன்பிறகு மீன்பிடிக் கயாக் பற்றிய பேச்சின் திசையே மாறிவிட்டது.

இதற்கான வாதம் எளியது, வலியதும்கூட. கால் கையைவிடப் பலமானது. தூண்டில்காரருக்கு இரண்டு கைகளும் மீனுக்காக வேண்டும். நீரோட்டத்தில் ஓர் இடத்திலேயே நிற்கவும், தூண்டிலை இழுத்துக்கொண்டே மெதுவாகப் போகவும், பெரிய மீன் மாட்டிய நேரத்தில் பாறையைவிட்டு விலகவும் பெடல் தரும் உதவியைத் துடுப்பால் தர இயலாது. ஆழமும் காற்றும் உள்ள நீரில் மீன்பிடிப்பவர்கள் இதைச் சொகுசு என்று ஒப்புக்கொள்வதில்லை. அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம்.

ஆனால் விலை ஆயிரம் டாலரைத் தாண்டித் தொடங்கி மூவாயிரம், நாலாயிரம் வரை போகிறது. எடை கூடுகிறது, ஆகவே சக்கர வண்டி வேண்டும், சில சமயம் இழுவை வண்டியும் வேண்டும். புரொப்பெல்லர் வகை முழங்கால் ஆழத்தில் தரைதட்டும், பாசியைச் சுற்றிக்கொள்ளும். செதில் வகையை அடியோடு ஒட்ட மடக்கலாம். ஆனால் அதன் தொடக்கக் கால வடிவங்களில் பின்னோக்கிப் போக வழியில்லை, அந்த வசதி 2010களின் பிற்பகுதியில்தான் சேர்ந்தது. உப்புநீரில் ஓடும் எந்த இயந்திரத்துக்கும் பராமரிப்பு தேவை. பட்ஜெட் போடுகிறவர் அதை மறக்கலாகாது. மின் மோட்டார் பொருத்தும் மாற்றுவழியும் உண்டு, ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் மோட்டார் வைத்ததும் கயாக் பதிவு செய்ய வேண்டிய படகாகிவிடும்.

குறைந்த பணத்தில் பெடல் வாங்க முயல்கிறவர்கள் பெரும்பாலும் படகின் தரத்திலோ பாதுகாப்புச் சாதனங்களிலோ கைவைக்க நேர்கிறது. முதல் படகுக்கு அது நல்ல பேரமாகத் தெரியவில்லை.

பழையது, காற்றடைத்தது, கையால் செய்தது

குறைந்த பணத்தில் நல்ல படகுக்கு இன்று கிடைக்கும் மிக உறுதியான வழி பழையதை வாங்குவது. பாலிஎத்திலீன் கயாக்கில் கெட்டுப்போக அதிக உறுப்புகள் இல்லை. ஆசையோடு வாங்கி இரண்டு கோடைக்குப் பிறகு கொட்டகையில் போட்டவர்கள் ஏராளம். அமெரிக்காவில் 1972க்குப் பிறகு செய்த படகுகளின் பின்புறம் வலப்பக்கத்தில் பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளக் குறி இருக்க வேண்டும். அதன் கடைசி இரண்டு எண்களே எந்த ஆண்டு மாடல் என்பதைச் சொல்லிவிடும். விற்பவரின் நினைவை நம்பத் தேவையில்லை.

பார்க்க வேண்டிய இடங்களும் சிலவே. சிமெண்டுத் தரையில் இழுத்து இழுத்துப் பின்முனையின் அடி தேய்ந்திருக்கிறதா? வடிகால் துளைகளின் விளிம்பில், குறிப்பாகத் துளைக்குள் செருகும் சக்கர வண்டியைப் பயன்படுத்தியிருந்தால், விரிசல் இருக்கிறதா? வெயிலில் கிடந்து நிறம் வெளுத்து, தொட்டால் சுண்ணாம்புபோல் ஒட்டுகிறதா? வெயிலில் ஏற்பட்ட குழிவைப் பற்றி மட்டும் அஞ்ச வேண்டாம், பெரும்பாலும் சூட்டிலேயே அது நிமிர்ந்துவிடும். விரிசல் கதை வேறு. நேர்த்தொடர்ப் பாலிஎத்திலீனைச் சூட்டில் பற்றவைக்கலாம். மூலக்கூறுகள் குறுக்கே பிணைந்த வகை விறைப்பானது, ஆனால் உருகாது, ஆகவே பற்றவைக்க முடியாது. எந்த வகை என்று கேட்காமல் விரிசல் விட்ட படகை மலிவு என்று எடுப்பது ஆபத்து.

காற்றடைத்த கயாக்கை எள்ளி ஒதுக்கும் பழக்கம் பழைய ஆட்களிடம் உண்டு. அது முழு நியாயமில்லை. 1907ல் ஜெர்மனியின் ரோசன்ஹைம் ஊர்த் தையற்கலைஞர் யோஹான் கிளெப்பர், ஆல்ஃபிரட் ஹாய்ரிஷின் மடிப்புக் கயாக் வடிவத்தை வாங்கி விற்கத் தொடங்கியபோதே, ரயிலில் பையாக எடுத்துப்போகும் படகுக்குத் தேவை இருந்தது. காரும் கொட்டகையும் இல்லாத அடுக்குமாடிவாசிக்கு அந்தத் தேவை இன்றும் இருக்கிறது. பல அறைகளாகப் பிரிந்த தடித்த பி.வி.சி. படகைத் தூண்டில் முள் அவ்வளவு எளிதில் மூழ்கடிக்காது. உண்மையான குறை வேறு: தண்ணீருக்கு மேல் உப்பி நிற்பதால் காற்று அதைத் தன் இஷ்டத்துக்குத் தள்ளும், முழுக்க உலர்த்தாமல் மடித்தால் பூஞ்சை பிடிக்கும். சிறு குளத்துக்கும் மெல்லோட்ட ஆற்றுக்கும் ஏற்றது, திறந்த நீருக்கு அல்ல.

ஒட்டுப்பலகையைக் கம்பியால் தைத்து, மூட்டுகளைப் பிசினும் கண்ணாடி இழையும் வைத்து மூடும் முறையை இங்கிலாந்தில் கென் லிட்டில்டைக் கயாக்குகளுக்காக வகுத்தார். 1960களின் தொடக்கத்தில் வந்த மிரர் பாய்மரப் படகின் வழியாக அது புகழ்பெற்றது. அதன்பின் வீட்டுக் கூடத்தில் படகு செய்வது சாமானியருக்கும் எட்டியது. அந்தப் படகுகளின் இலேசும் நேர்த்தியும் பிளாஸ்டிக்கில் வராதவை. ஆயினும் நேரத்துக்கும் கருவிகளுக்கும் விலை போட்டால் மலிவு என்று சொல்வதற்கில்லை. செய்வதில் மகிழ்ச்சி காண்பவருக்கே இது விடை.

பணம் எங்கிருந்து எண்ணப்பட வேண்டும்

இதுவரை பார்த்த எல்லாக் கட்சிகளும் படகிலிருந்து தொடங்குகின்றன. மிஞ்சியதில் மற்றதை வாங்கச் சொல்கின்றன. இந்த வரிசையே தவறு என்பவர்கள் கரையோரக் காவல்படையினரும் மீட்புப் பயிற்சியாளர்களும். இந்தக் கட்டுரை ஒரு பக்கம் சாய வேண்டுமானால் அவர்கள் பக்கமே சாயும்.

அமெரிக்கக் கரையோரக் காவல்படையின் ஆண்டறிக்கைகளில், பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் நீரில் மூழ்கி இறந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்கவில்லை என்பது தொடர்ந்து பதிவாகிறது. கயாக்கில் ஆளுக்கு ஒன்று வைத்திருக்க வேண்டும் என்பது மத்திய விதி. ஓடும் படகில் பதின்மூன்று வயதுக்குட்பட்டவர்கள் அணிந்தே ஆக வேண்டும். பெரியவர்களுக்கு வைத்திருந்தால் போதும் என்ற சலுகையில்தான் உயிர்கள் போகின்றன. இருக்கைக்குப் பின்னால் கட்டிவைத்த அங்கி, கவிழ்ந்த மறுநொடியில் ஆளை விட்டு மிதந்து போகும். கைவீச இடைஞ்சலாக இருக்கிறது என்று கழற்றுவார்கள் என்பதால், தூண்டில்காரருக்கென்று முதுகு மேலே தூக்கித் தைத்த, தோளில் அகல வெட்டிய அங்கியை வாங்குவதற்குச் செலவிடும் கூடுதல் பணம் வீண் அல்ல. அணியும் அங்கிதான் காக்கும்.

குளிர்நீர் இன்னொரு கணக்கு. கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய ‘1-10-1’ என்ற நினைவுச் சூத்திரம் இதை நன்றாக விளக்குகிறது. பனிக்குளிர் நீரில் விழுந்தவருக்குத் திணறும் மூச்சை அடக்க ஒரு நிமிடம். கைகால் சொன்னபடி கேட்கப் பத்து நிமிடம். உடல் வெப்பம் இழந்து நினைவு தப்ப ஒரு மணி நேரம். முதல் ஒரு நிமிடத்திலேயே பலர் போய்விடுகிறார்கள். வெயிலடிக்கும் வசந்தகால நாளில் காற்றின் சூட்டுக்கு உடுத்தி, நீரின் குளிருக்குள் விழுவதே இதில் பொறி.

துடுப்பும் இதே வரிசையில் வருவதுதான். மலிவான அலுமினியத் தண்டுத் துடுப்பு ஒரு கிலோவைத் தாண்டும். கண்ணாடி இழைத் துடுப்பு அதைவிட இருநூறு, முந்நூறு கிராம் இலேசாக இருக்கலாம். ஒரு மணி நேரத்தில் மூன்றாயிரம் முறைக்கு மேல் வீசினால் அந்த முந்நூறு கிராம் தோளில் எவ்வளவு ஏறும் என்று எண்ணிப்பாருங்கள். அகலமான படகுக்குக் குட்டைத் துடுப்பை வாங்கி, விளிம்பில் விரலை இடித்துக்கொள்வதும் அடிக்கடி நிகழ்வது. 240 சென்டிமீட்டர் அளவில் தொடங்கிப் பார்ப்பது இத்தகைய படகுகளுக்குப் பொருத்தம்.

600 டாலர் வைத்திருப்பவரை எடுத்துக்கொள்வோம். அங்கிக்கு நூறு, துடுப்புக்கு நூறு, விசில், விளக்கு, வண்டிக்கான பட்டைகள், நீர் புகாத பை என்று ஐம்பது. மிச்சம் 350. அந்தப் பணத்துக்குப் புதிதாகக் கிடைப்பது பெரும்பாலும் உள்ளே உட்காரும் குட்டைப் படகு. பொறுத்துத் தேடினால் அதே பணத்துக்குப் பழைய பன்னிரண்டடி மேலமர் கயாக் ஒன்று அமைய வாய்ப்பு அதிகம். துணையோடு கரையோரமாகப் போகும் பழக்கம் உள்ளவருக்கு இரண்டும் ஒத்துவரலாம். தனியாகப் போகிறவருக்கு இரண்டாவதே பொருத்தம் என்று சொல்ல ஓரளவு நியாயம் இருக்கிறது. கவிழ்ந்தபின் தானே ஏறிக்கொள்ளக்கூடியது அதுதான். அதையும் கோடையில், இடுப்பளவு நீரில், பலமுறை வேண்டுமென்றே கவிழ்த்து ஏறிப் பழகிய பிறகே நம்பலாம்.

தீராதவை

சில கேள்விகளுக்கு இன்னும் உறுதியான பதில் சொல்லும் நிலை வரவில்லை. புதியவர் அகலமான, ஆடாத படகில் தொடங்குவது நல்லதா? ஒரு தரப்பு, பயமில்லாமல் தொடங்கினால்தான் நீடிப்பார்கள் என்கிறது. மறுதரப்பு, ஆடும் படகில் சில வாரம் பழகினால் உடம்பே சமநிலையைக் கற்றுக்கொள்ளும் என்றும், ஆடாத படகு அந்தப் பாடத்தைத் தராமல் பெரிய நீருக்குள் அனுப்பிவிடும் என்றும் அஞ்சுகிறது. ஆர்க்டிக்கின் அனுபவம் இரண்டாவது தரப்புக்குச் சாதகமாகத் தோன்றலாம். ஆனால் அங்கே கற்றவர்கள் குழந்தைப் பருவத்திலிருந்து, பெரியவர்களின் கண்முன் கற்றார்கள். சனிக்கிழமை மட்டும் நேரம் கிடைக்கும் நாற்பது வயதுக்காரருக்கு அதை நீட்ட முடியுமா என்பது ஐயமே.

பெடல் படகுகள் பழைய சந்தைக்கு அதிகமாக வரத் தொடங்கியிருப்பது இன்னொரு திருப்பம். விலை மேலும் இறங்கினால், முதல் படகு துடுப்புப் படகாகவே இருக்கட்டும் என்னும் இன்றைய அறிவுரை நிற்குமா என்று மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். தேய்ந்த பற்சக்கரமும் தளர்ந்த கம்பியும் உள்ள பெடல் படகு, அடி தேய்ந்த துடுப்புப் படகைப்போல் பார்த்தவுடன் குறையைக் காட்டிவிடாது என்பது மட்டும் இப்போதைக்குத் தெளிவு.

எல்லாவற்றிலும் கனமானது பெருங்கடைகளின் மலிவுப் படகைப் பற்றிய கேள்வி. தண்ணீரை எட்டியே பார்த்திராத குடும்பங்களை ஏரிக்கு அழைத்துவந்தவை அந்தப் படகுகள். அதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது, இந்தப் பொழுதுபோக்கை வசதியுள்ளவர்களுக்கு மட்டும் ஒப்படைப்பதாகும். அதே படகுகள், பயிற்சியோ எச்சரிக்கையோ இல்லாமல், உருளைக்கிழங்கும் பாலும் வாங்கிய அதே வண்டியில் ஏறி, அன்று மாலையே திறந்த நீரில் இறங்கிவிடுகின்றன. விற்கும் இடத்திலேயே அங்கியையும் ஒரு மணி நேரப் பயிற்சியையும் படகின் விலையோடு சேர்த்துவிட்டால் இறப்புகள் குறையுமா, அல்லது அந்தக் கூடுதல் ஐம்பது, அறுபது டாலரே அந்தக் குடும்பங்களில் சிலரைக் கரையில் நிறுத்திவிடுமா?